வலியை வளர்க்கும் புரதம்

மட்டாஞ்சேரியில் யூதத் தெருவை ஒட்டிய சந்துகளில் மூக்குதான் முதலில் வழி காட்டும். சுக்கு, மிளகு, வற்றல் மிளகாய். பல கிடங்குகள் கலைப்பொருள் கடைகளாக மாறிவிட்டாலும் நெடி போகவில்லை. மிளகாய் மூட்டை பிரிக்கும் இடத்தில் இரண்டு நிமிடம் நின்றால் கண் எரியும். கையை மறந்து முகத்தில் வைத்தால் கன்னம் தகிக்கும். சூடு என்று அங்கே எதுவுமில்லை. மிளகாயின் காப்சைசின், சூட்டை உணரும் நரம்பு நுனியில் உள்ள ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. மூளை தீ என்று நினைத்துக்கொள்கிறது. இந்த வாயிலை 1997இல் அடையாளம் காட்டிய டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நரம்பை வளர்ப்பது எது? அது இன்னொரு நோபல் கதை. அதிலும் ஒரு யூதப் பெண் இருக்கிறார்.

1560களில் கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு இடம் கொடுத்தார். 1568இல் பரதேசி யூத ஆலயம் எழுந்தது. இத்தாலியில் 1938இல் நடந்ததோ நேர்மாறு. முசோலினியின் இனச் சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. வேலை இழந்த ரீட்டா லெவி மொண்டால்சினி, டூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசியைத் தீட்டி அறுவைக் கருவி செய்துகொண்டு, கோழிமுட்டைக் கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன, எப்படிச் சாகின்றன என்று பார்த்தார். போருக்குப் பின் 1947இல் விக்டர் ஹாம்பர்கரின் அழைப்பில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போனார்.

எலியின் புற்றுக்கட்டியை முட்டைக் கருவில் வைத்தால் நரம்புகள் அதை நோக்கிக் காடாக வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ கசிகிறது. என்ன அது? உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹென், வேறொரு காரியத்துக்காகப் பாம்பு விஷத்தை அதில் கலந்தார். நரம்பு இன்னும் வேகமாக வளர்ந்தது! விஷத்திலேயே அந்தப் பொருள் ஏராளமாக இருந்திருக்கிறது. பாம்பின் விஷப்பை உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று யோசித்து ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடினார்கள். அங்கே மேலும் குவிந்து கிடந்தது. நம்மூர் நாகப்பாம்பின் விஷத்திலும் இது உண்டு. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹாம்பர்கரை விட்டுவிட்டார்கள். அது நியாயமாக எனக்குப் படவில்லை.

நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற இந்தப் புரதத்தின் வடிவம் 1991இல் லண்டனில் டாம் பிளண்டல் குழுவின் படிகப் படத்தில் வெளிப்பட்டது. எலியில் 118 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிகள் இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று கந்தகப் பிணைப்புகள். இரண்டு சேர்ந்து ஒரு வளையம். மூன்றாவது அந்த வளையத்துக்குள் நுழைந்து போகிறது. பூ கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு மாதிரி, எளிதில் அவிழாது.

இரட்டையாக இருப்பதில்தான் சூட்சுமம். நரம்பு நுனியில் உள்ள டிஆர்கே-ஏ என்ற இரண்டு ஏற்பிகளை இரு பக்கமும் பிடித்து அருகருகே இழுக்கிறது. அவை ஒன்றையொன்று தூண்ட, நுனி அந்தச் சேர்க்கையை விழுங்கி, நரம்பு வழியே பின்னோக்கி அனுப்புகிறது. கால் விரலிலிருந்து முதுகெலும்பருகே உள்ள செல்லுக்குச் சுமார் ஒரு மீட்டர் பயணம். சேதி இதுதான்: ‘தோல் இங்கே இருக்கிறது, நீ உயிரோடு இரு.’ கருவில் இந்தத் தபால் வராத வலி நரம்புகள் மடிந்துபோகும். வளர்ந்தபின் நரம்பு சாகாது. ஆனால் புரதம் கூடினால் வலி கூடும், குறைந்தால் உணர்வு மங்கும். வீங்கிய இடத்தைத் தொட்டாலே உயிர் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மிளகாய்க்குத் திறக்கும் அதே வாயிலை இது இன்னும் கூர்மையாக்குகிறது.

வலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வேலூரில் கண்டவர் பால் பிராண்ட். 1946இல் அங்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்ந்துபோகின்றன என்று காட்டினார். கொச்சிக்கு வடக்கே பள்ளிப்புரத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் தொழுநோயாளிகளுக்கு இல்லம் வைத்திருந்தார்கள். இந்த உண்மை தெரிய இரண்டு நூற்றாண்டு ஆனது. 1994இல் பிரவீண் ஆனந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தொழுநோய் தாக்கிய தோலில் இந்தப் புரதம் குறைந்திருப்பதை லான்செட் இதழில் தெரிவித்தார்கள்.

அப்படியானால் ஊசியில் ஏற்றிவிடலாமே? நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்கு 1990களில் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்ட இடம் வலித்தது. பெரிய சோதனையில் பலன் நிரூபணமாகவில்லை. சரி, எதிர்த்திசையில் போவோம் என்று மூட்டு வலிக்காரர்களுக்கு இந்தப் புரதத்தை முடக்கும் டானெசுமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்தது. 2010இல் சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு தொடர்ந்து, 2021இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதை நிராகரித்ததோடு கதை முடிந்தது. வேலூரில் பார்த்த பாடத்தை மருந்துக் கம்பெனிகள் பெரும் செலவில் மறுபடி படித்தன.

ஜெயித்தது ஒரு சொட்டு மருந்து. உணர்விழந்து புண்ணாகும் கருவிழிக்கு, இதே புரதத்தை ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு வாரம் விட வேண்டும். ஐரோப்பாவில் 2017இலும் அமெரிக்காவில் 2018இலும் அனுமதி கிடைத்தது. விலை பல்லாயிரம் டாலர். தொழுநோயிலும் கருவிழி மரத்துப்போகும். ஆனால் அந்த நோயாளிகளுக்கு எட்டுகிற விலையில்லை. மருத்துவர்கள் அவர்களுக்குச் சொல்வது பழைய யோசனைதான்: தினமும் கையையும் காலையும் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடியில் கண்ணைப் பாருங்கள், சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடாதீர்கள்.