அங்கே கலவரம்... இங்கே டூர் பணம் அம்போ! நஷ்டம் யார் தலையில்?

சென்னை: வெளிநாட்டில் ஆட்சியை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்கினால் அந்த ஊர் தலைவர்களின் நாற்காலி மட்டும் ஆடுவதில்லை. சீட்டு கட்டி, போனஸ் பணத்தைச் சேர்த்து வைத்து டூர் கிளம்பும் நம்மூர் குடும்பங்களின் பாக்கெட்டும் சேர்ந்தே காலியாகிறது. கப்பல் கம்பெனிகளும் பெரிய ஹோட்டல்களும் சட்டம் பேசி தப்பித்து விடுகின்றன. மாட்டிக் கொள்வது டிக்கெட் எடுத்தவரும், அந்த ஊரில் டூரிஸ்டை நம்பிப் பிழைப்பவரும்தான்.

2 நாளில் தலைகீழான நேபாளம்

இதற்கு சமீபத்திய உதாரணம் நேபாளம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத் அங்கேதான் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவையாவது போய்ட்டு வந்துடணும் என்று தமிழ்நாட்டில் இருந்து வருஷா வருஷம் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவது வழக்கம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் பிரச்சினை எதுவும் வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

2025 செப்டம்பரில் அங்கு சமூக வலைதளங்களுக்கு அரசு தடை போட்டது. ஏற்கனவே ஊழல் மீது கொதிப்பில் இருந்த இளைஞர்கள் 8ம் தேதி தெருவுக்கு வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் பலியானார்கள். மறுநாளே பிரதமர் கே.பி.சர்மா ஒலி ராஜினாமா செய்தார். பாராளுமன்றம் தீப்பிடித்து எரிந்தது. காத்மாண்டுவில் உள்ள ஹில்டன் ஹோட்டலும் தப்பவில்லை. விமான நிலையத்தை இழுத்து மூடினார்கள். ராணுவம் ஊரடங்கு போட்டது.

விமான நிலையம் மூடிக் கிடந்தது என்னவோ ஒரு நாள் சொச்சம்தான். 10ம் தேதி மாலையே திறந்து விட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாள் போதும், பல மாதம் போட்ட டூர் திட்டம் சீட்டுக்கட்டு மாதிரி சரிவதற்கு!

எப்படி சரிகிறது?

சென்னையில் இருந்து டெல்லிக்கு ஒரு டிக்கெட், டெல்லியில் இருந்து காத்மாண்டுக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தால் சிக்கல் அங்கேயே ஆரம்பம். காத்மாண்டு விமானத்தை கம்பெனியே ரத்து செய்தால் முழுப் பணமோ, வேறு விமானமோ தர வேண்டும். இது இந்திய விமானத் துறையின் விதி. ஆனால் டெல்லி விமானம்தான் ரத்தாகவில்லையே! "விமானம் சரியா கிளம்புச்சு, நீங்கதான் வரலை" என்பார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

முன்கூட்டியே சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அரசியல் குழப்பம், கலவரம் போன்ற காரணம் என்றால் அந்த நஷ்ட ஈடு கிடையாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

அடுத்தது ஹோட்டல். குறைந்த வாடகை என்று எடுக்கும் ரூம்களில் பெரும்பாலும் பணம் திரும்பத் தரப்பட மாட்டாது என்ற நிபந்தனை இருக்கும். டூர் ஏஜென்ட் அந்த ஹோட்டலுக்கும் பஸ்சுக்கும் முன்பணம் கட்டியிருப்பார். "எனக்கே பணம் வரலை, உங்களுக்கு எங்கேர்ந்து தர்றது?" என்று அவர் கையை விரித்தால் கேட்டவர் வாயடைத்துப் போக வேண்டியதுதான்.

கப்பல் கதையே வேறு

விமானமாவது ரத்தாகும். சொகுசு கப்பல் ரத்தாவது அபூர்வம். ஒரு துறைமுகத்தில் கலவரம் என்றால் அடுத்த துறைமுகத்துக்குத் திருப்பி விடுவார்கள். அப்படித் திருப்பிக் கொள்ளும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்று டிக்கெட்டின் பொடி எழுத்தில் ஏற்கனவே போட்டிருப்பார்கள்.

2011ல் எகிப்தில் நடந்தது இதுதான். ஜனவரி 25ல் அதிபர் முபாரக்குக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. மத்திய தரைக்கடலில் சுற்றும் பல கப்பல்கள் அலெக்சாண்டிரியா துறைமுகத்தைக் கைவிட்டு வேறு நாட்டு துறைமுகங்களுக்குப் போய்விட்டன. பிரமிடு பார்க்கலாம் என்று பணம் கட்டியவர்கள் வேறு ஏதோ ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாகத் திரும்பக் கிடைப்பது துறைமுக வரியும், கப்பல் மூலம் பதிவு செய்த ஊர் சுற்றும் கட்டணமும்தான். கப்பல் கட்டணத்தில் கை வைக்க முடியாது.

முபாரக் பிப்ரவரி 11ல் பதவி விலகினார். ஆனால் டூரிஸ்ட் உடனே திரும்பவில்லை. 2010ல் சுமார் 1 கோடியே 47 லட்சம் பேர் வந்த எகிப்துக்கு 2011ல் வந்தது சுமார் 98 லட்சம் பேர்தான்.

கரையில் இருப்பவன் எங்கே போவான்?

கப்பலுக்கு திசை மாற்றத் தெரியும். பிரமிடு வாசலில் ஒட்டகம் வைத்திருப்பவரும், நைல் நதியில் படகு ஓட்டுபவரும் எந்தத் திசைக்குப் போவார்கள்? டூரிஸ்ட் வராவிட்டாலும் ஒட்டகத்துக்குத் தீனி போட்டாக வேண்டும்.

பக்கத்து இலங்கையிலும் இதே கதைதான். 2018ல் அங்கு சுமார் 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அதன் பிறகு கொரோனா என அடிமேல் அடி. 2021ல் வந்தது 2 லட்சத்துக்கும் குறைவு. சரி, 2022ல் தலை நிமிரலாம் என்று பார்த்தால் டாலர் பஞ்சம், பெட்ரோல் கியூ, போராட்டம். ஜூலை 9ல் ஜனங்கள் அதிபர் மாளிகைக்குள்ளேயே புகுந்தனர். கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டே ஓடினார்.

கோத்தபய மாலத்தீவு வழியாக சிங்கப்பூர் போய்விட்டார். கண்டியிலும் காலியிலும் வேன் ஓட்டிப் பிழைத்தவர் பெட்ரோலும் இல்லாமல், சவாரியும் இல்லாமல் நின்றார். அந்த ஆண்டு வந்த பயணிகள் சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர்தான். மறுபடி 20 லட்சத்தைத் தாண்ட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னையில் இருந்து 2022 ஜூனில் சொகுசு கப்பல் பயணம் தொடங்கியபோது அது நடுக்கடலுக்கும் விசாகப்பட்டினம் பக்கமும்தான் போனது. இலங்கைக்கு முதல் பயணம் கிளம்பியது 2023 ஜூன் 5ல்தான். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று கப்பல் சுற்றியது. அமைதி திரும்பிய பிறகே கப்பல் வரும் என்பது குறிப்பிடத்தக்கது.

பணம் கட்டும் முன் கேளுங்க!

டூர் ஏஜென்டிடம் "கோயில் தரிசனம் உண்டா, சாப்பாடு நம்மூர் சாப்பாடா?" என்று கேட்பவர்கள், "நடுவுல கலவரம் வந்தா எவ்வளவு திருப்பித் தருவீங்க?" என்று கேட்பதில்லை. அதைக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக் கொள்வது நல்லது. வாய் வார்த்தை பிறகு நிற்காது.

விமான டிக்கெட்டை ஊரில் இருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நடுவில் ஒரு விமானம் ரத்தானாலும் மொத்தத்துக்கும் அந்த கம்பெனியே பொறுப்பு.

இன்சூரன்சிலும் உஷார். கலவரம் டி.வி.யில் வந்த பிறகு ஓடிப்போய் பாலிசி எடுத்தால் பிரயோஜனம் இல்லை. தெரிந்த ஆபத்துக்கு கம்பெனி பணம் தராது. பல பாலிசிகளில் போர், உள்நாட்டுக் குழப்பம் இவற்றுக்குக் காப்பீடே கிடையாது. எடுப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

"இப்போதைக்கு அங்கே போகாதீர்கள்" என்று வெளியுறவுத் துறை அறிவித்தால் அதை எடுத்து வைத்துக் கொள்ள வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது கைகொடுக்கும் ஆவணம் அது. நேபாள விவகாரத்திலும் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மத்திய அரசு அறிவித்தது.

அப்புறமும் ஏஜென்ட் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் கமிஷனிலும் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கு கட்டணமே கிடையாது. ரசீது இல்லாமல் போனால் மட்டும் வேலைக்கு ஆகாது.

அடுத்த கலவரம் எந்த ஊரில் என்று ஜோசியரால்கூட சொல்ல முடியாது. ரசீதை பத்திரமாக வைப்பது மட்டும்தான் நம்ம கையில் இருக்கு!