வெற்றியும் அலுக்குமா?

"ஹெவிவெயிட் குத்துச்சண்டையைக் கொன்றவர்கள் கிளிச்கோ சகோதரர்கள்!" என்று என் அறை நண்பன் வாரம் ஒருமுறையாவது விடுதியில் முழங்குவான். பழைய சண்டைகளையெல்லாம் கைபேசியில் தேடித் தேடிப் பார்ப்பவன் அவன். அவனோடு வாய்ச் சண்டையில் பலமுறை தோற்றுப்போன நான், ஆண்டு மலரின் இந்தப் பக்கங்களிலாவது வென்று பார்ப்போமே என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் அவன் கட்சியைச் சொல்லிவிடுவதுதான் முறை. உக்ரைன் நாட்டவரான இவ்விருவரில் இளையவர் விளாதிமிர், 2006 ஏப்ரலில் பட்டம் வென்று 2015 நவம்பர் வரை அதை விடவில்லை. ஒன்பதரை ஆண்டுகளுக்கு மேல். 18 முறை பட்டத்தைக் காத்தார். மூத்தவர் விதாலி 2008 முதல் 2013 வரை இன்னொரு பட்டத்தைத் தம் கையில் வைத்திருந்தார். தம்பியும் அண்ணனும் ஒருவரோடொருவர் மோதுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தனர். ஆகவே உலகம் காண விரும்பிய அந்த ஒரு சண்டை கடைசி வரை நடக்கவே இல்லை.

இனி விளாதிமிரின் முறையைப் பாருங்கள். உயரம் 198 செ.மீ. இடக் கையை நீட்டி எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்துவார். அதையும் மீறி உள்ளே நுழைந்துவிட்டால் கட்டிப்பிடித்து, 110 கிலோவை ஒட்டிய தம் உடலை அவன் கழுத்தின் மேல் சாய்த்துவிடுவார். நடுவர் வந்து பிரிப்பார். மீண்டும் இடக் கை நீளும். இப்படியே பன்னிரண்டு சுற்றுகள்! 2008 பிப்ரவரியில் நியூயார்க்கில் இப்ராகிமோவுடன் மோதியபோது, வென்றவரையே கூட்டம் கூச்சலிட்டு இகழ்ந்தது. 2013-இல் மாஸ்கோவில் பொவெத்கினுடன் நடந்த சண்டை இன்னும் மோசம். ஓயாமல் பிடித்துத் தள்ளியதற்காக நடுவர் ஒரு புள்ளியைக் கழித்தார்; அப்படியும் 119க்கு 104 என்ற கணக்கில் வென்றார். அந்தச் சண்டையை நானும் முழுதாகப் பார்த்தேன். மறைப்பானேன்? எட்டாம் சுற்றில் கொட்டாவி விட்டேன்.

ஆயினும் நண்பன் ஒன்றை மறந்துவிடுகிறான். இந்த விளாதிமிர் பிறவியிலேயே இப்படிப்பட்டவர் அல்லர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபின், எதிரிகளை விரைந்து விரைந்து வீழ்த்தி வந்தவர். 2003 மார்ச்சில் கோரி சாண்டர்ஸ் இரண்டே சுற்றுகளில் அவரைப் பலமுறை தரையில் உருட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் லாமன் புரூஸ்டரிடம், தாமே முன்னணியில் இருந்த சண்டையில், ஐந்தாம் சுற்றில் மூச்சு வாங்கித் தோற்றார். "இவன் தாடை கண்ணாடி, இனி எழமாட்டான்" என்றுதான் பேசினார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டுவர்டின் கையில் அதன் பிறகு உருவானவர்தான் நாம் கொட்டாவி விட்டுப் பார்த்த விளாதிமிர். அடி வாங்கியவன் அடி படாமல் இருக்கக் கற்றான். அதற்கு நாம் வைத்த பெயர் அலுப்பு!

என் தந்தையார் கொத்தனார். நான் பள்ளியில் படித்தபோது, ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். அதன்பின் எந்தச் சாரத்தில் ஏறினாலும் ஒவ்வொரு பலகையையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். "பொழுது போயிடும் மேஸ்திரி" என்று சித்தாள்கள் சிரிப்பார்கள். அவர் பதில் சொல்வதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மெதுவான கால்கள் கொண்டு வந்த பணத்தில்தான் விடுதிக் கட்டணம் கட்டுகிறேன். இரண்டாம் முறை விழ வசதி இல்லாதவனின் நடை பார்ப்பவர்களுக்கு இனிக்காது. விளாதிமிரை எள்ளி நகையாடும்போதெல்லாம் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்பதை நண்பனிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

பார்வையாளருக்கு வேண்டிய வீரம் எத்தகையது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1937 முதல் 1949 வரை பட்டம் வைத்திருந்து 25 முறை காத்தவர் ஜோ லூயிஸ். 1941-இன் முற்பகுதியில் ஏறக்குறைய மாதம் ஒருவராக வந்து அவரிடம் விழுந்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அந்த ஜூன் மாதம் பில்லி கான் வந்தார். எடையில் மிகக் குறைந்தவர். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது முன்னணியில் இருந்தவர் அவரே. எஞ்சிய மூன்று சுற்றுகள் தள்ளி நின்றிருந்தால் உலகப் பட்டம் அவருடையது. ஆனால் லூயிஸை வீழ்த்தியே தீருவேன் என்று பதின்மூன்றாம் சுற்றில் நெருங்கிச் சென்றார், தாமே விழுந்தார். அந்தச் சண்டையை இன்றும் புகழ்கிறோம். பட்டம் மட்டும் அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை.

"அப்படியானால் உசிக்?" என்பான் நண்பன். நல்ல கேள்வி. 2024 மே மாதம் ரியாத்தில், தம்மைவிட ஒரு சாண் அளவு உயரமான டைசன் பியூரியை வென்று எல்லாப் பட்டங்களையும் ஒருசேரப் பெற்றார் உசிக். டிசம்பரில் மீண்டும் அவரையே வென்றார். 2025 ஜூலையில் டுபாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். அவரும் ஆண்டவர்தாம், ஒருவரும் கொட்டாவி விடவில்லை. ஏன்? எதிரே நின்ற பியூரி அத்தகையவர். விளாதிமிரின் காலத்தில் அப்படி எத்தனை பேர் வந்தார்கள்? 2015-இல் டுசல்டார்ஃபில் இதே பியூரிதான் அவர் ஆட்சியை முடித்தார். வேடிக்கை என்னவெனில், அந்தச் சண்டையும் அலுப்பானதுதான்!

2017 ஏப்ரலில் லண்டன் வெம்பிளியில் 90,000 பேர் முன்னிலையில், 41 வயது விளாதிமிர் 27 வயது ஜோஷுவாவை எதிர்த்தார். ஐந்தாம் சுற்றில் தாம் விழுந்து எழுந்தார். ஆறாம் சுற்றில் ஜோஷுவாவை வீழ்த்தினார். எழுந்தவன் தள்ளாடினான். அப்போது பாய்ந்து முடித்திருக்க வேண்டும் என்று என் கட்சிக்காரனாகிய நானே கத்தினேன். அவர் பாயவில்லை, பலகையை அழுத்திப் பார்த்தார். பதினோராம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தியபோது வென்றவர் ஜோஷுவா. அன்று தோற்ற விளாதிமிருக்கு எழுந்த பாராட்டு, வென்ற ஒன்பதரை ஆண்டுகளில் ஒரு நாளும் எழுந்ததில்லை. விடுதியில் அந்தச் சண்டையைப் பார்த்து முடித்ததும் என் நண்பன், "உன் ஆள் இன்றைக்குத்தான் சண்டை போட்டான்" என்றான். நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.