வந்துபோகும் பறவையும் வாழவந்த மனிதனும்

கடந்த பங்குனியில் வழக்கொன்றின் நிமித்தம் பதுளையிலிருந்து மகியங்கனைக்குச் சென்ற நாம், மாலையில் சொரபொர குளக்கரையில் சிறிது நேரம் நின்றோம். மாரி ஓய்ந்து நீர் வற்றிய ஓரத்துச் சேற்றில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓயாது இரை தேடிக்கொண்டிருந்தன. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஆவணி, புரட்டாசியில் வடக்கிலிருந்து வந்த இவை, சித்திரை முடியுமுன் புறப்பட்டு, சைபீரியா வரையும் பறந்து சென்று குஞ்சு பொரிக்க வேண்டும். புள்ளியிட்ட முதுகுடைய உள்ளானின் எடை ஏறத்தாழ 60 கிராம். அந்த நெடும் பயணத்துக்கான கொழுப்பை இச்சேற்றின் புழுபூச்சிகளைத் தின்றே அது சேர்த்துக்கொள்கிறது. குளம் கெட்டால் பயணமும் கெடும்.

உலகம் இதனை உணர்ந்தே இருக்கிறது. 1971 இல் ஈரானின் ராம்சர் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை, எல்லை கடந்து பறக்கும் நீர்ப்பறவைகளை நாடுகளின் பொதுச் செல்வமாக ஏற்றது. இலங்கையும் 1990 இல் அதிற் சேர்ந்து, அம்பாந்தோட்டை மாவட்டத்துப் புந்தலவைத் தன் முதல் ஈரநிலமாகப் பதிந்தது. ஆண்டிற் பாதியை அயல்நாட்டிற் கழிப்பதால் பறவை இம்மண்ணுக்கு அந்நியமாகிவிடாது என்பதன்றோ இதன் பொருள்? நல்ல நீதி, வரவேற்கிறோம்.

ஆனால், ஊவா மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய மக்களுக்குச் சட்டம் வழங்கிய நீதி யாது? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வசித்ததை நிரூபிக்கக் கோரியது. பெற்றோரைக் காண ஊர் சென்றவர் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால், வசிப்பு அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. பறவைக்கு இயல்பான போக்குவரவு தொழிலாளிக்குக் குற்றமாயிற்று! 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தமோ, அவர்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவின் பங்காகக் கணக்கிட்டது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைக் குறையைத் தீர்த்தது. காணிக் குறை தீரவில்லை. சில தோட்டங்களில் வீடும் காணித்துண்டும் கிடைத்துள்ளமையை மறுக்கோம். எனினும் பசறை, லுணுகலை, அப்புத்தளை மலைகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் பல, இன்றும் உறுதியற்ற லயன் காம்பராக்களிலேயே ஒடுங்கிக் கிடக்கின்றன.

பறவைக்குத் தந்ததைப் பறித்து மனிதனுக்குத் தருக என்பதல்ல நம் வாதம். குளத்தை மண் தூர்க்காமலும் வயல் நஞ்சு சேராமலும் காக்குமாறு விவசாயப் பெருமக்களை வேண்டுகிறோம். குடியிருக்கும் நிலத்துக்குக் காணியுறுதி எழுதித் தருமாறு அரசைக் கோருகிறோம். ஏழு, எட்டு மாதம் தங்கும் பறவைக்கு இடமளிக்கும் நாடு, எங்கும் போகாது இங்கேயே உழைத்து மடியும் மனிதனுக்கு இடமில்லை என்று எந்த முகத்தோடு சொல்லும்?