களிமண்ணும் குலக்கல்வியும்: தொடக்கப்பள்ளியில் பானை வனைவது யாருக்காக?

சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 44இல் உள்ள தொப்பூர், கணவாய்ச் சாலையில் கவிழும் லாரிகளின் வழியாகவே வெளியுலகுக்கு அறிமுகமாகியிருக்கிறது. விபத்துச் செய்திகளும் மேம்பாலத் திட்டங்களும் சுங்கச்சாவடிக் கட்டணமும் பேசப்படும் அளவுக்கு, அச்சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகள் பேசப்படுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் களிமண் பிசைந்து பானை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை நாம் வரவேற்க வேண்டுமா, எதிர்க்க வேண்டுமா?

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டில், அதிலும் பழைய சேலம் மாவட்டத்து மண்ணில், கைத்தொழிலும் தொடக்கக் கல்வியும் ஒரே வாக்கியத்தில் சேரும்போது ஒரு வரலாறு கண்விழிக்கிறது. 1953ஆம் ஆண்டில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜகோபாலாச்சாரி, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் தொரப்பள்ளியில் பிறந்தவர். அன்று தொரப்பள்ளியும் தொப்பூரும் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது. அவர் கொண்டுவந்த திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் 1953 ஜூனில் கிராமப்புறப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பள்ளி நேரம் மூன்று மணி நேர முறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு முறை மட்டுமே பிள்ளைகளுக்குப் பள்ளி. மீதி நேரத்தில் அவர்கள் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்தார். அந்தப் பெயரே நின்றது. திட்டத்தை ஆராய அமைக்கப்பட்ட பருலேகர் குழு அதற்கு ஆதரவாகவே அறிக்கை தந்தும், தெருவில் எழுந்த எதிர்ப்பை அதனால் தணிக்க முடியவில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே 18 அன்று கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

இந்த வரலாறு பெரும்பாலும் பிராமணர், பிராமணரல்லாதார் மோதலாக மட்டுமே சொல்லப்படுகிறது. தலித் பார்வையில் அதில் இன்னொரு அடுக்கு உண்டு. குயவரின் மகனுக்குத் திகிரி இருந்தது. தச்சரின் மகனுக்கு உளி இருந்தது. பறையர் வீட்டுப் பிள்ளைக்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கும் அன்று ‘தகப்பன் தொழில்’ என்று என்ன இருந்தது? பண்ணையில் கூலியில்லா உழைப்பு, செத்த மாட்டைத் தூக்குதல், சாவுக்குப் பறையடித்தல், மலம் அள்ளுதல். ஒரு திறனைக் கற்பதற்கான வாய்ப்பு என்று அத்திட்டத்தை விளக்கியவர்கள், இந்த வேலைகளில் எதைப் பாடமாக எண்ணினார்கள் என்று எங்கும் தெளிவாகச் சொன்னதில்லை. கைத்தொழிலின் பெருமையைப் பேசும் எல்லாத் திட்டங்களிலும் இந்த மௌனம் இருக்கிறது. கைத்தொழில்களின் பட்டியலில் சாக்கடை வருவதில்லை.

2020 ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. தச்சர், தோட்டக்காரர், ஓவியர் ஆகியோரோடு குயவரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எல்லா மாணவர்களும் என்றுதான் கொள்கையின் வாசகம் இருக்கிறது. சாதி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நேர்மையாக வாசிப்பவர் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு கிராமத்தில் ‘உள்ளூர்த் தொழில் வல்லுநர்’ என்பவர் யார்? அவர் ஒரு சாதியைச் சேர்ந்தவர், ஒரு தெருவில் வசிப்பவர், ஊர்ப் பெரியவர்களால் ஒருமையில் அழைக்கப்படுபவர். பள்ளிக்கு வெளியே அவருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள உறவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. கொள்கை அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதே அதன் மீதான நம் முதல் குற்றச்சாட்டு.

2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் இன்னும் வெளிப்படையானது. குயவர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளர் உள்ளிட்ட 18 தொழில்கள். குடும்ப வழியாக அத்தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 18. பள்ளி முடித்து கல்லூரிக்குச் செல்ல வேண்டிய வயதில் ஒருவரைத் தகப்பன் தொழிலுக்கு அழைக்கும் ஏற்பாடு என்று இதைத் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது சரியே. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கி, 25 தொழில்களைச் சேர்த்து, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கியது. தொழிலைத் தானே தேர்ந்துகொண்டவருக்கு மட்டுமே உதவி என்பது இதன் பொருள். இந்த வயது வரம்புக்குப் பின்னால் இருப்பது 1953இன் நினைவு.

அப்படியானால் ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகளின் கையில் களிமண் கொடுப்பது எப்படிச் சரியாகும்? இங்கேதான் நம் தோழர்கள் சிலரோடு நான் மாறுபடுகிறேன். கைத்தொழிலைப் பள்ளிக்குள் விடாதே என்ற முழக்கம் பாதுகாப்பானது, ஆனால் போதாது. தமிழ்நாட்டில் களிமண் ஏற்கெனவே பள்ளிக்குள் வந்துவிட்டது. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாப் போட்டிகளில் களிமண்ணில் உருவம் செய்வதும் ஒன்று. நகரத்துப் பன்னாட்டுப் பள்ளிகளில் மின்திகிரியோடு மட்பாண்ட அறையே இருக்கிறது. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்துக்குப் பிறகு, மட்பாண்டம் வனைவது படித்த உயர்வகுப்பினர் விரும்பிக் கற்கும் கலையாகவும் வளர்ந்திருக்கிறது. அதே மண், அதே திகிரி. ஒருவர் கையில் அது கலை, கண்காட்சி; இன்னொருவர் கையில் அது சாதி, வறுமை. இந்த வேறுபாட்டை உடைக்கக்கூடிய இடம் பொதுப் பள்ளி ஒன்றுதான். அங்கிருந்து களிமண்ணை விலக்கினால் வேறுபாடு அப்படியே இருக்கும்.

பானை இந்த நாட்டில் வெறும் பாத்திரமாக இருந்ததில்லை. பேஷ்வாக்களின் புனேயில், எச்சில் தரையில் விழாதிருக்கத் தீண்டப்படாதவர்கள் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் நினைவூட்டினார். 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அவரும் தோழர்களும் நீர் அருந்திய பிறகு, சாதி இந்துக்கள் பால், தயிர், சாணம், கோமூத்திரம் நிரப்பிய 108 மண்பானைகளைக் கொண்டு குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். உலோகப் பாத்திரம் தீட்டுப்பட்டால் துலக்கலாம், மண்பாத்திரம் தீட்டுப்பட்டால் உடைத்தெறிய வேண்டும் என்பது வைதிக நடைமுறை. 2022 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயது தலித் மாணவன் ஆசிரியரால் தாக்கப்பட்டு, ஆகஸ்ட் 13 அன்று உயிரிழந்தான். ஆசிரியருக்கென்று வைக்கப்பட்டிருந்த பானையிலிருந்து தண்ணீர் குடித்ததே காரணம் என்று குடும்பத்தினர் புகார் அளித்தார்கள். அந்தப் பள்ளியில் பானை இருந்ததா என்பதே பின்னர் விவாதமாக்கப்பட்டது.

இப்போது தொப்பூர் வகுப்பறைக்குத் திரும்புவோம். களிமண் வேலையில் முதலில் நடப்பது என்ன? ஏரியிலிருந்து வந்த மண்ணைக் காயவைத்து, கல்லும் வேரும் நீக்கி, நீரில் ஊறப்போட வேண்டும். பின்பு மிதித்துப் பிசைய வேண்டும். பிள்ளைகள் பிசையும்போது ஒரே உருண்டை நான்கு கைகளுக்கு மாறும். கையை நனைக்க ஒரே வாளித் தண்ணீர். எல்லோரும் அதில்தான் கைவிட வேண்டும். ஒருத்தி செய்த விளிம்பு கோணலானால் பக்கத்தில் இருப்பவன் தன் விரலால் சரிசெய்வான். எண்ணும் எழுத்தும் கற்கும் நேரத்தில் பிள்ளைகள் தள்ளித் தள்ளி அமர்ந்து தப்பித்துவிடலாம். மண் வேலையில் அது முடியாது. தொடுதலைத் தவிர்த்துச் செய்ய முடியாத பாடம் இது. இதனாலேயே நான் இதை ஆதரிக்கிறேன். இதனாலேயே இது ஆபத்தானதும்கூட. அந்த ஒற்றை வாளியைச் சத்தமில்லாமல் இரண்டாக்கும் ஆசிரியர்களும் உண்டு. ‘இவளுக்கு மண் வேலை நன்றாக வரும்’ என்று சொல்லி, வகுப்புக்கெல்லாம் மண் மிதிக்கும் வேலையை ஒரு தெருப் பிள்ளைகளிடம் மட்டும் ஒப்படைப்பவர்களும் உண்டு. 2022இல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டதை மறந்துவிட முடியாது. வகுப்பு முடிந்ததும் தரையைக் கழுவுவது யார், வாளி சுமப்பது யார் என்பதைக் கொண்டே அந்தப் பள்ளியின் மட்பாண்டப் பாடத்தை எடைபோட வேண்டும்.

இந்த மாவட்டத்தில் இது கற்பனையான அச்சமும் அல்ல. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள், இப்போது பதின்ம வயதை எட்டியிருக்கிறார்கள். நாங்குநேரித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர்களின் கையில் கட்டப்படும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அக்குழுவின் கவனம் பெரிதும் வளர்ந்த மாணவர்கள் மீதே குவிந்தது என்று அதை வாசித்தவர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கயிறு கட்டப்படுவதற்கு முன்பான வயதில் அந்தக் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் கேட்க வேண்டும்.

தலித் குழந்தைகளுக்கும் களிமண்ணுக்கும் வேறோர் அறிமுகமும் உண்டு. செங்கல் சூளை. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் பெயர்ந்துவிட, அச்சில் மண் தட்டியும் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டும் பள்ளியை இழக்கும் தலித், இருளர் பிள்ளைகளின் கதை நமக்குப் புதிதல்ல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தது. அது வந்து நாற்பதாண்டுக்குப் பின், 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ‘உதவலாம்’ என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்ற 1953இன் கணக்கு இதில் வேறு உருவில் தொடர்கிறது. ஆகவே, பள்ளியில் செய்த பொருளை விற்பது, கண்காட்சியில் விலை போடுவது போன்றவற்றை முதல் நாளிலேயே மறுக்க வேண்டும். 1937இல் காந்தி முன்வைத்த வார்தா திட்டத்தின் பெரும் பிழையும் இதுவே. பிள்ளைகளின் கைத்தொழில் வருவாயைக் கொண்டே பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1944 முதல் சேவாகிராமத்தில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னாளில் மட்பாண்டக் கலைஞராக அறியப்பட்ட தேவி பிரசாத், கலையே கல்வியின் அடிப்படை என்று ஒரு நூலே எழுதினார். அவர் மண்ணைக் குழந்தையின் வெளிப்பாடாகக் கண்டார். அதே வளாகத்தில் இருந்த இரு பார்வைகளில் நமக்கு உதவுவது அவருடையது.

பாடநூல் சார்ந்த உதவி தேடும் ஆசிரியர்களுக்குக் காஞ்சா அய்லய்யா 2007இல் குழந்தைகளுக்காக எழுதிய உழைப்பின் கண்ணியம் பற்றிய நூல் ஒன்றுண்டு. கோண்டு ஓவியர் துர்காபாய் வியாம் அதற்குப் படம் வரைந்தார். குயவர், தோல் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், நெசவாளர் ஆகியோரை அறிவியலாளர்களாக அந்நூல் அறிமுகப்படுத்துகிறது. சூளையின் வெப்பத்தைக் கண்ணால் கணிப்பதும், எந்த மண்ணில் எவ்வளவு மணல் கலந்தால் பானை வெடிக்காது என்பதும் வேதியியல் என்று அது சொல்லாமல் சொல்கிறது. கீழடி ஓட்டுச் சில்லுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருப்பதைப் படத்தில் காட்டி, பிள்ளைகளைத் தாங்கள் செய்த கலயத்தின் மீது தம் பெயரை எழுதச் சொல்லலாம். எழுத்து ஒரு சாதியின் உடைமையாக இருந்ததில்லை என்பதற்கு இரண்டாம் வகுப்புக்கு ஏற்ற சான்று அதைவிட எளிதாகக் கிடைக்காது.

யார் கற்பிப்பது என்பது மிச்சமிருக்கிறது. உண்மையில் எல்லாச் சிக்கலும் அங்கேதான். 2012இல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, வாழ்வியல் திறன் ஆகியவற்றுக்காக நியமித்தது. தொடக்க ஊதியம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுதோறும் போராடி வருகிறார்கள். அவர்களும் 6 முதல் 8ஆம் வகுப்புகளுக்கானவர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் பள்ளியில் மண் பிசைய நேரம் எங்கே? சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்த பிறகு, கலை ஆசிரியர் நியமனம் பற்றிப் பேச மாநில அரசுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. உள்ளூர்க் குயவரை அழைத்து ஒரு நாள் செய்து காட்டச் சொல்லி, கைதட்டி, சால்வை போர்த்தி அனுப்பும் சடங்கு இந்தப் பற்றாக்குறையின் மலிவான பதிலி. அவர் வருவதானால் மாத ஊதியத்தோடு வரட்டும். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறட்டும். ஊரில் அவரை ஒருமையில் அழைக்கும் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் அவரை ‘சார்’ என்று அழைக்கட்டும். அந்த வேலைக்குக் குயவர் சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. பயிற்சி பெற்ற ஓர் அருந்ததியர் பெண் திகிரியின் முன் ஆசிரியராக அமர்ந்தால் வகுப்பு இன்னும் அதிகம் கற்கும். நாட்டின் பல பகுதிகளில் குயவர் குடும்பத்துப் பெண்களே திகிரியைத் தொடக் கூடாதென்ற வழக்கம் இருந்ததையும் சேர்த்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

ஏரி மண் எடுப்பதில் தடையில்லை. 2024 முதல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்கலாம். ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு இரண்டு வண்டி மண் போதும். சூளையும் வேண்டாம், விரலால் குழித்துச் செய்யும் சிறு கலயங்கள் நிழலில் காய்ந்தாலே இந்த வயதுக்குப் போதுமானவை. செலவு மிகக் குறைவு. கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோருடன் செல்லலாம். களிமண் வகுப்பு உண்டா, அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி நேரத்துக்குள் நடக்கிறதா, கணக்குப் பாடத்தை வெட்டி நடக்கிறதா, மண்ணை யார் சுமக்கிறார்கள், கை கழுவ எத்தனை வாளி வைக்கப்படுகிறது என்று கேட்டுப் பதில்களைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வைக்கலாம்.