ரோடு வந்தா மலை கெட்டுடுமா?

போன டிசம்பர்ல ஏலகிரி சுவாமிமலை ஏறினேன். மங்களத்தில் தொடங்கும் பாதை, போகப் போகச் செங்குத்து. நாலாயிரம் அடிக்கு மேல், உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது நண்பன் சொன்னான்: "நல்லவேளை, இந்தப் பக்கம் நிறைய மலைக்கு இன்னும் ரோடு வரல. வந்தா எல்லாம் கெட்டுடும்." நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஏலகிரிக்கு வந்ததே 14 கொண்டை ஊசி வளைவுள்ள தார் ரோட்டில், பைக்கில். கால் பிசகினால் அதே ரோட்டில் இறங்கி ஆஸ்பத்திரி போயிடலாம். அந்தத் தைரியத்தில்தான் ஏறினோம்.

2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மேலே ரோடு இல்லை. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றது. மிச்ச மலையை, உடலைத் தூக்கிக்கொண்டு அம்மா நடந்தார். வாணியம்பாடி நெக்னாமலையில் நோயாளிகளை டோலி கட்டித்தான் இறக்கினார்கள். அதுவும் செங்குத்துப் பாதைதான். அதுக்கு யாரும் டிரெக்கிங்னு பேர் வைக்கல.

2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. ஆன்லைனில் புக் பண்ணலாம். வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் நாம் ஏறுவதற்கான பாதையை இவ்வளவு அக்கறையாக அளக்க முடிகிறவர்களுக்கு, அவர்கள் இறங்குவதற்கான பாதை மட்டும் ஏன் இத்தனை வருஷம் இழுக்கிறது?

"காடு அழியுமே?" என்பீர்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள். கிராம சபை பரிந்துரைத்தால் ரோடு, பள்ளிக்கூடம், மருந்தகம் போன்றவற்றுக்கு வன நிலம் தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மிகாமல். காட்டுக்கும் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. ரிசார்ட்டுக்கு வருகிற ரோட்டைப் பற்றி நாம் இப்படிக் கவலைப்பட்டதே இல்லை.

என் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாங்க. நான் கிளம்பும்போது கேட்டாங்க: "அதான் ஏலகிரிக்கு பஸ் போகுதே, ஏன்டா நடக்கிற?" அன்னிக்குச் சிரிச்சேன். பஸ் இருந்தும் நடக்கிறவன் நான். அல்லேரியில் அந்த அம்மாவுக்கு பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை.

தாராளமா மலை ஏறுங்க, நானும் ஏறுவேன். உச்சியில நின்னு "ரோடு வேணாம்"னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்ல வேண்டியது அங்கே குடியிருக்கிறவங்க.