மூளைக்குள் நீர்க்கட்டி: கத்திக்கு முன்னாடியே தடுக்கலாம்

1/ குழந்தைக்குச் சில வாரமா தலைவலி, காலையில் வாந்தி. "கண்ணாடி போடணுமோ"ன்னு நாள் போகும். நடை தடுமாறின பிறகு ஸ்கேன் எடுத்தா, மூளைக்குள் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. "கேன்சர் இல்லை" என்றதும் பெற்றோருக்கு உயிர் வரும். ஆனா பேச்சை அங்கேயே முடிக்கக் கூடாது.

2/ இது ஹைடாடிட் கட்டி. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் என்ற குட்டி நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் மலத்தில் வரும் முட்டை, மண், கை, கழுவாத கீரை வழியா வாய்க்குள் போகும். பெரும்பாலும் கல்லீரல், நுரையீரலில் தங்கும். நூற்றில் ஒன்றிரண்டுதான் மூளைக்கு. அதில் குழந்தைகளே அதிகம்.

3/ "ஊசி குத்தி நீரை எடுத்துடலாமே டாக்டர்?" கல்லீரலில் சிலருக்கு அப்படிச் செய்வதுண்டு. மூளையில் கட்டியை உடையாமல் முழுசா எடுப்பதுதான் முறை. உடைந்தால் கடும் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். சிந்திய நீரிலுள்ள புழுக்கருக்கள் புதுக் கட்டிகளாக வளரலாம்.

4/ அதனால் இழுப்பதில்லை. தலையைத் தாழ்த்தி, கட்டிக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் குழாயில் உப்புநீர் விட்டு, தானா வழுக்கி வெளியே வர விடுவோம். டவ்லிங் முறை.

5/ முழுசா வந்தாலும் முடியவில்லை. கட்டி இருந்த இடம் பள்ளமாக நிற்கும், நீரோ ரத்தமோ சேரலாம், வலிப்பு வரலாம். ஆல்பென்டசோல் மாத்திரை, மறுபடி ஸ்கேன் என்று கண்காணிப்பு தொடரும். "ஆபரேஷன் சக்சஸ்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நம்ம தப்பு.

6/ இதைவிடப் பெரிய தப்பு வெளியே நடக்குது. கட்டியுள்ள ஆடு, மாட்டின் ஈரலும் நுரையீரலும் கழிவாக வீசப்படுது. நாய் தின்னும், புழு வளரும், முட்டை நம்ம தெருவுக்கு வரும். கறி சாப்பிடுவதால் இது வராது. கழிவை வீசுவதால் வரும். நாயை அடித்தும் பயனில்லை.

7/ ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் இந்தச் சுழற்சியை அறுத்தன: கழிவு நாய்க்குப் போகாமல் தடுத்தார்கள், நாய்களுக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். ஒரு தடவை கொடுத்தால் போதாது, திரும்பத் திரும்பத் தரணும். அதனால்தான் கழிவு விஷயம் முதலில்.

8/ உங்க ஊர் கறிக்கடைக் கழிவு எங்கே போகுது? வார்டு கவுன்சிலரிடம் கேளுங்க. வீட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் புழு மாத்திரை கொடுங்க. மண்ணில் விளையாடி வரும் பிள்ளைக்குச் சோப்பு போட்டுக் கை கழுவி விடுங்க.