கோனோகார்பஸ் போன இடத்தில் களா வேலி வரட்டும்

கோனோகார்பஸ் கன்றுகளை வளர்க்கவும் விற்கவும் நடவும் தமிழக அரசு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தடை விதித்தது. குஜராத் அரசு 2023லேயே இந்த முடிவுக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் மரங்களை அகற்றிவிட்டு நாட்டு இனங்களை நட வேண்டும் என்பதே இப்போதைய நிலைப்பாடு. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால், எந்த நாட்டு இனத்தை நடுவது, கன்று எங்கே கிடைக்கும், எப்போது நடுவது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் வெட்டத் தொடங்கினால், காலியாகும் இடத்தில் அடுத்த அயல்நாட்டு அழகுச் செடி வந்து உட்கார்ந்துவிடும்.

கோனோகார்பஸ் எதற்காக நடப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். அதை நிழலுக்காக யாரும் நடவில்லை. ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், உப்பு நிலத்திலும் வரும், எப்படி வெட்டினாலும் சுவர்போல அடர்ந்து நிற்கும் என்பதால் வேலியாகவும் தூசித் திரையாகவும் நட்டார்கள். அந்த வேலையை வேம்பும் புங்கனும் செய்யாது. அவை மரங்கள். வேலிக்கு வேண்டியது புதர்ச்செடி. நம் பசுமைத் திட்டங்களில் இன்று விடுபட்டிருப்பதும் அதுதான். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அன்று முதல் எத்தனை மரக்கன்றுகள் நட்டோம் என்பதே பேச்சாக இருக்கிறது. எத்தனை புதர்ச்செடிகள் நட்டோம் என்று யாரும் கேட்பதில்லை.

வட சென்னையில் ஏன் முக்கியம்?

வண்ணாரப்பேட்டையின் தெருக்களை நினைத்துப் பாருங்கள். கீழே கடை, மேலே வீடு, நடுவில் குறுகிய சாலை. மரம் வேர்விடத் தேவையான மண் பல இடங்களில் இல்லை. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள சாலையில் மரக்கிளைகள் மேலே கூடி மூடிக்கொண்டால், வண்டிப் புகை மேலெழ வழியின்றிக் கீழேயே தங்கிவிடும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதே சாலையில் மனிதர் மூச்சுவிடும் உயரத்தில் ஓர் அடர்ந்த புதர்வேலி இருந்தால், நடப்பவருக்கும் வண்டிக்கும் இடையே அது தடுப்பாக நிற்கிறது. பள்ளிச் சுற்றுச்சுவர், ரயில் பாதை ஓரம், பூங்கா விளிம்பு என்று இரண்டு மூன்று அடி அகல மண் கிடைக்கும் இடங்கள் இப்பகுதியிலும் உண்டு. மரத்துக்குப் போதாத அந்த இடம் புதருக்குத் தாராளம்.

வடக்கே போகப் போகத் தேவை கூடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளி பெற்றது. 70ஐத் தாண்டினாலே அது மிக மோசமாக மாசடைந்த பகுதி. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் துறைமுகக் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் சேர்கிறது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பிலான பணிகளாகத் தொடங்கப்பட்டது. இந்தப் பணிகளோடு புதர்வேலியையும் சேர்ப்பது பெரிய செலவு அல்ல. திட்டமிடும் மேசையில் அதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

ஹேசல்நட் வேண்டாம், களா இருக்கிறது

ஐரோப்பிய வயல்களின் வேலியில் ஹேசல்நட் என்ற புதர் நிற்கும். வேலிக்கு வேலி, கொட்டைக்குக் கொட்டை. உலக விளைச்சலில் பெரும்பங்கு துருக்கியின் கருங்கடல் கரையிலிருந்து வருகிறது. இணையத்தில் அதன் கன்றைப் பார்த்துவிட்டு, இங்கே வளருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நன்கு பூத்துக் காய்க்க அதற்கு நீண்ட குளிர்காலம் தேவை. இந்தியாவில் அதன் உறவுச் செடிகள் இமயமலையில்தான் காடாக நிற்கின்றன. சென்னை வெயிலில் பணத்தை வீணாக்காதீர்கள். வேலியும் பழமும் சேர்ந்து தரும் புதர் நம்மிடமே உண்டு. அதுதான் களா.

சோழமண்டலக் கரையின் இயற்கைக் காடு, குட்டையான, என்றும் பசுமையான புதர்க்காடு. பழவேற்காட்டை அடுத்த ஸ்ரீஹரிகோட்டா தீவில் அது இன்னும் பரந்த அளவில் மிஞ்சியிருக்கிறது. களா, காரை, காசான், காட்டு எலுமிச்சை எல்லாம் அந்தக் காட்டின் பிள்ளைகள். உப்பும் கடல் காற்றும் அவற்றுக்குப் புதிதல்ல. கரைக்கு மிக அருகே, மண்ணில் உப்பு அதிகமுள்ள இடத்துக்கு உகா, சங்கஞ்செடி, சங்கங்குப்பி ஆகியவை இன்னும் பொருத்தம். முள் கூடாத இடத்தில் நொச்சியும் விராலியும் நடலாம்.

நடும் முறை

களாப்பழம் கோடையின் இறுதியிலிருந்து பழுக்கத் தொடங்கும். நன்கு பழுத்த பழத்திலிருந்து விதையை எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு கலந்த பைகளில் வளர்த்து, சுமார் ஓராண்டு வயதான கன்றை வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடுங்கள்.

நகரத்து மண்ணில் பாதி கட்டட இடிபாடாக இருக்கும். ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, கல்லையும் சிமென்ட் கட்டியையும் அகற்றி, நல்ல மண்ணும் தொழு உரமும் இடுங்கள். வேலிக்கு இரண்டு முதல் மூன்று அடி இடைவெளி போதும். அகலம் இருந்தால் இரண்டு வரிசையாக, முக்கோண வடிவில் நடுங்கள். செடி இரண்டடி வளர்ந்ததும் ஓரடியில் நுனியை வெட்டினால் அடியிலிருந்தே கிளைக்கும். முதல் கோடையில் வாரம் இருமுறை தண்ணீரும், தூரைச் சுற்றி இலைச்சருகு மூடாக்கும் கட்டாயம். அந்த ஒரு கோடையைத் தாண்டிவிட்டால் பிறகு கவலை இல்லை. கவாத்தைக் காய்ப்பு முடிந்ததும் செய்யுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, முள். களாவை நடைபாதையை ஒட்டியோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ நடாதீர்கள். சுவரின் உட்புறமும் கம்பிவேலி ஓரமும் அதற்கு ஏற்ற இடம்.

இரண்டாவது, பழம். களாவில் ஊறுகாய் போடலாம், ஜாம் செய்யலாம். பேக்கரிக் கேக்கின் மேல் இருக்கும் சிவப்புச் 'செர்ரி' பல நேரங்களில் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாதான். ஆனால் தொழிற்சாலை ஓரத்திலும் லாரிச் சாலையிலும் தூசி தடுக்க நட்ட செடியின் பழத்தைச் சாப்பிட வேண்டாம். அதைப் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள். வீட்டிலோ பள்ளியிலோ உண்பதற்கென நடுவதாக இருந்தால் முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் ஈயம், காட்மியம் போன்றவை பார்க்கப்படுவதில்லை. அவற்றைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, இடம். எண்ணூர்க் கழிமுகத்தின் அலையேறும் சேற்று நிலம் வெற்றிடம் அல்ல. அது அலையாத்திச் செடிகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் உரியது. பசுமை என்ற பெயரில் அங்கே மண் கொட்டி எந்தச் செடியையும் நடக் கூடாது.

விவசாயிக்கு என்ன பங்கு?

இன்று நாட்டுப் புதர்க் கன்று ஆயிரம் வேண்டுமென்றால் கிடைப்பது கடினம். கேட்பார் இல்லை என்பதால் நாற்றங்கால்கள் வளர்ப்பதில்லை. கன்று கிடைக்காததால் அதிகாரிகளும் கேட்பதில்லை. இந்தச் சுழலை உடைக்கும் வசதி பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் விவசாயிகளுக்கு இருக்கிறது. அரை ஏக்கர் நாற்றங்காலில் பல ஆயிரம் கன்றுகள் வளர்க்கலாம். நகரம் பக்கத்திலேயே இருப்பதால் ஏற்றுக்கூலியும் குறைவு. ஆனால் வாங்குவார் உண்டு என்ற உறுதி இல்லாமல் ஓராண்டு தண்ணீர் ஊற்ற எந்த விவசாயியும் முன்வரமாட்டார். எனவே மாநகராட்சியும் தொழிற்சாலைகளும் அடுத்த மழைக்குத் தேவையான கன்றை இந்தக் கோடைக்குள்ளேயே இன்ன விலைக்கு எடுத்துக்கொள்வதாக எழுதித் தர வேண்டும். பணத்தில் ஒரு பகுதியை, நட்ட செடி ஒரு கோடையைத் தாண்டிய பிறகே தருவதென வைத்தால் பராமரிப்பும் தானாக நடக்கும்.

உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ கோனோகார்பஸ் வரிசை இருந்தால் மொத்தமாக வெட்டாதீர்கள். மழைக்கு முன் ஒரு பகுதியை அகற்றி நாட்டுப் புதரை நட்டு, அது இடுப்பளவு வளர்ந்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். அதுவரை தூசியைத் தடுக்கப் பழைய வேலி நிற்கட்டும்.